ஊது மதினி

மதினி,

இன்று காலை மேற்கு வீட்டுக்காரர்கள் தறிப் பாவு நூலுக்குப் போட வைத்திருந்த கஞ்சிச் சட்டியைத் திறந்தார்கள். நாலு நாள் புளித்த கேப்பைக் கஞ்சி. அந்த வாடை சுவரேறிக் குதித்து நேராக என் அடுப்படிக்கு வந்துவிட்டது. கையிலிருந்த அகப்பையை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். "என்ன சின்னம்மா, எங்கயாச்சும் தீப்பிடிச்சிருச்சா?" என்றாள் அந்த வீட்டு மருமகள். சட்டிக்குள் விரலை விட்டு மோந்து பார்த்து, "ஒரு நாள் கூடிப்போச்சு. எண்ணெய இன்னும் ரெண்டு சொட்டு விடு, இழை பிழைச்சுக்கிடும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அது அப்படியே உன் பேச்சு. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டேன்.

அப்போதுதான் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. உனக்கோ எழுத்து தெரியாது, கைநாட்டு. உயிரோடு இருந்தபோதே படித்திருக்க மாட்டாய், இப்போதா படிக்கப் போகிறாய்? அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். போன மாசியில் படுக்கையில் கிடந்தபடி நீ என்னிடம் ஒன்று சொன்னாய். அதற்கு நான் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. நாற்பது வருஷம் உன்னோடு வாய் ஓயாமல் பேசியவள், அன்றைக்கு மட்டும் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதிலை இதில் எழுதிவிட வேண்டும். ஆனால் நேராக அதற்குள் போக எனக்கு வராது. நான் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் என்று நீயே எத்தனை தரம் திட்டியிருக்கிறாய். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நாம் முதன்முதலில் பேசிக்கொண்டது ஜெயிலில், பெண்கள் கொட்டடியில். நான் உள்ளே வந்து மூன்றாம் நாள். அபின் இல்லாமல் என் உடம்பு என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! மூக்கும் கண்ணும் ஒழுகின. கொட்டாவி மேல் கொட்டாவி. கால் நரம்பை யாரோ துணி பிழிகிற மாதிரி பிழிந்தார்கள். மூலையில் சுருண்டு கிடந்த என்னை நீ கால் விரலால் நெம்பினாய்.

"எதுலத்தா வந்தே?"

"நூல்ல" என்றேன்.

"நூலைக் குடிச்சியாக்கும்?"

எழுந்து உன்னை ஓர் அறை விடலாமா என்று வந்தது. அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. மகன் போன பிறகு நான் சிரித்த முதல் சிரிப்பு அது என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் வைத்து ஒரு கேலி செய்திருப்பாய்.

என் திருட்டுக் கதையை உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பவள் போலக் கன்னத்தில் கைவைத்து உட்காருவாய். யுத்தத்தால் நூலுக்குக் கண்ட்ரோல் இருந்த காலம். நூல் வியாபாரி வீட்டுக்குப் போன நான், யாரும் பார்க்காத நேரம் இரண்டு கழி நூலை எடுத்துச் சேலைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டேன். நெசவுக்காரி மகளாகப் பிறந்தும் நூலின் தலைப்பை முடிந்து வைக்கவேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. வாசல் நிலையில் இருந்த ஆணியில் இழை மாட்டிக்கொண்டது. நான் போகப் போகக் கழி பிரிந்து, கடைத்தெரு முழுக்க என் பின்னாலேயே வந்தது. வியாபாரி வீட்டுக் கணக்கப்பிள்ளை இழையைக் கையில் பிடித்தபடியே நடந்து வந்து, அபின் கடை வாசலில் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "போலீஸுக்கு அன்னைக்கு வேலையே இல்ல" என்று நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அழுவதற்கு வைத்திருந்த கதையை என்னிடமிருந்து பிடுங்கிச் சிரிக்கிற கதையாக்கித் திருப்பிக் கொடுத்தவள் நீ.

அழுவதற்கும் அதில் இருந்தது. என் மகன் ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அந்த வருஷமே நூல் கிடைக்காமல் தெருவில் தறிகள் நின்றன. கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை தேடிப் போன என் வீட்டுக்காரர் போனவர்தான். கண்ணை மூடினால் பிள்ளை இருமுவது கேட்கிறது என்று தெரிந்த ஒருத்தியிடம் சொன்னேன். கடுகளவு அபினை உருட்டிக் கொடுத்து, "இதப் போட்டுக்க, செத்த கண்ணசரும்" என்றாள். அசந்தது. மகன் செத்தது வேறு யாருக்கோ நடந்த சங்கதி மாதிரித் தள்ளிப் போய் நின்றது. கடுகு மிளகாயிற்று, மிளகு சுண்டைக்காயாயிற்று. வீட்டில் விற்க ஒன்றும் மிஞ்சாதபோதுதான் நூல் கழியில் கைவைத்தேன்.

உன் கதையை நீ ஒரே ஒரு முறை சொன்னாய். இருவரும் முறத்தில் தானியம் புடைத்துக்கொண்டிருந்தோம். 

"எனக்குக் கல்யாணம் ஆகையில பதினாலு வயசு. மூணாம் நாளு ஒரு செரட்டையில சாராயத்த ஊத்திக் குடுத்து, ருசி பாத்துச் சொல்லுன்னான். அவன் காய்ச்சுறதுக்கு நாக்கு நானு. தப்பாச் சொன்னா அடி. சரியாச் சொன்னா இன்னொரு செரட்டை. அடி வாங்குன வலிக்கும் அதே செரட்டைதான்."

அவன் பாம்பு கடித்துச் செத்த பிறகும் நீ காய்ச்சுவதை விடவில்லை. வேறு வேலை தெரியாது, தொண்டையும் விடவில்லை. லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சியதற்குப் பிடித்து ஆறு மாதம் போட்டார்கள். சொல்லி முடித்ததும் முறத்தை ஒரு தட்டுத் தட்டி, "போதும், நீ இழை வந்த கதையச் சொல்லு" என்றாய்.

உன்னை அக்கா என்றுதான் முதலில் கூப்பிட்டேன். நீ ஒப்பவில்லை. "அக்கான்னா அடங்கி நடக்கணும், புத்தி சொல்லணும். அதெல்லாம் நம்மளால ஆகாது. மதினின்னு கூப்பிடு. நானும் உன்னய வையலாம், நீயும் என்னய வையலாம்." சாதி வேறு, பாஷை வேறு. நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், நீ நரிக்குடிப் பக்கத்து ஆட்டுக்காரர் வீட்டுப் பெண். இல்லாத ஓர் அண்ணனை நடுவில் நிறுத்தி, நீ எனக்கு மதினி, நான் உனக்குக் கொழுந்தியா என்று ஆனோம்.

எனக்கு இரண்டு நாள் முன்னாலேயே உன்னை விட்டுவிட்டார்கள். நான் வெளியே வந்து பார்க்கிறேன், எதிரே புளியமரத்தடியில் நீ நிற்கிறாய். கூடப்பிறந்தவன் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, வாசல்படி மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டானாம். இரண்டு நாளாகச் சத்திரத்துச் சோறு, மரத்தடிப் படுக்கை. மதுவிலக்கு வராத காலம், இருபது அடி தள்ளிச் சாராயக் கடை திறந்து கிடக்கிறது. நேராக என்னிடம் வந்து, வாயை அகலத் திறந்து என் மூஞ்சியில் ஊதினாய். நான் பதறிப்போய்ப் பின்னால் சாய்ந்தேன்.

"மோந்து பாரு. நல்லாப் பாரு. ரெண்டு நாளு, எதுத்தாப்புல கடை. ஏதாச்சும் வாடை இருக்கா?"

வெறும் பட்டினி வாடைதான் இருந்தது. "இல்ல மதினி" என்றேன். உன் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை.

"இப்ப நீ கண்ணைக் காட்டு. அபினு வாயில வாடை வராது. கண்ணுமணி சுருங்கிக் கெடக்கும். வந்தன்னைக்கு உனக்கு அரை மிளகுதான் இருந்துச்சு." என் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தாய். "ம். முழு மிளகு."

அன்று தொடங்கியதுதான் அந்தப் பழக்கம். விளக்கு வைத்ததும் நீ ஊதவேண்டும், நான் கண்ணைக் காட்டவேண்டும். வீட்டில் விருந்தாளி இருந்தாலும் விடமாட்டாய்.

அருப்புக்கோட்டைக்குக் கரி பஸ்ஸில் ஏறினோம். அந்தக் காலத்துக் கரி வண்டியைப் பற்றி உனக்கே தெரியும், ஏற்றம் வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும். காரியாபட்டி தாண்டி அது நின்றுவிட, ஆம்பளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யோசித்து நின்றபோது நீ முதல் ஆளாக இறங்கிப் பின்னால் கை கொடுத்தாய். ஒரு பெரியவர், "எங்கருந்துத்தா வாரீக ரெண்டு பேரும்?" என்று கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"மாமியா வீட்டுலருந்து வாரோம். அவுக விடவே மாட்டேன்னாக. நாங்கதான் போதும்னு கெளம்பிட்டோம்" என்றாய்.

தள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிலேயே வண்டியும் கிளம்பிவிட்டது.

எங்கள் நெசவாளர் தெருவில் அப்படிச் சிரிக்க ஆளில்லை. அப்பா விட்டுப்போன வீடும் தறியும் எனக்கு இருந்தன. தெருப் பெரியவர் எனக்குப் பெரியப்பா முறை. வீட்டு வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார். "இந்த ஆடியிலருந்து அடுத்த ஆடி வரைக்கும் பாப்போம். ஒருத்தி தவறுனாலும் ரெண்டு பேரும் வெளியே. பெறகு இந்தத் தெருவுல உங்களுக்கு நூலும் கெடையாது, பாவும் கெடையாது." நீ கைகூப்பி, "சரிங்கய்யா" என்றாய். உள்ளே வந்ததும், "கொழுந்தியா, கல்யாணத்துல கூட எனக்கு இப்படி முடிச்சுப் போடல. இப்ப உன்கூடப் போட்டுட்டாக" என்றாய்.

ஆனால் யாரும் எங்களைப் பாவுக்குக் கூப்பிடவில்லை. பாவு என்றால் ஒரு வீட்டு வேலையா? தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, வெயில் ஏறுமுன் கஞ்சி தடவிப் புருசால் நீவி முடிக்க எட்டுக் கை வேண்டும். இன்று உன் பாவுக்கு நான், நாளை என் பாவுக்கு நீ என்றுதான் தெரு நடக்கும். எங்கள் பாவுக்கு யாரும் வராததால் தறி சும்மா கிடந்தது. பிறத்தியார் வீட்டுத் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்துக் கேப்பைக் கூழ் குடித்தோம். கூழைக் குடித்துவிட்டு நீ, "ஜெயில்ல உப்பு சரியாப் போடுவாக" என்று என்னைக் குறை சொல்வாய்.

அந்தப் புரட்டாசியில் என் மகன் போன நாள் வந்தது. உன்னிடம் சொல்லாமல் கிளம்பிக் கடைத்தெருவுக்குப் போனேன். அபின் கடை வாசலில் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, பக்கத்தில் பார்த்தால் நீ நிற்கிறாய். கையில் தொன்னை நிறையப் பணியாரம்.

"உள்ள போவோமா? நானும் வாரேன். ஆனா இத வாங்கிட்டேன், ஆறிப்போகும். தின்னுட்டுப் போவோம்."

ஒன்று தின்றேன். "இன்னொண்ணு" என்றாய். நாலாவது பணியாரத்தில் எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. வாய் நிறையப் பணியாரத்தோடு நடுத்தெருவில் நின்று மகன் பேரைச் சொல்லி அழுதேன். நீ யாரையும் பார்க்காமல் என் முதுகைத் தடவிக்கொண்டே, "அழு, அழு. விக்கிக்கிறாம அழு" என்றாய். கடைக்காரன் பயந்து போய் எங்களை விரட்டிவிட்டான். வீட்டுக்கு வரும் வழியில் மிச்சப் பணியாரத்துக்குச் சண்டை போட்டோம்.

அப்புறம்தான் கஞ்சி வந்தது. ரேஷன் காலம், பாவுக்குப் போட அரிசி இல்லை. கேப்பைக் கஞ்சி போட்டால் இழை பொடுக்குப் பொடுக்கென்று அறுந்தது. பெரியப்பா பாவே பாதியில் நின்றபோது நீ வாசலில் நின்றுகொண்டு, "அய்யா, கஞ்சி சரியாப் புளிக்கல. எங்கிட்ட விட்டீகன்னா நான் புளிக்க வைப்பேன்" என்றாய். தெருவே திரும்பிப் பார்த்தது. எதைப் புளிக்க வைத்தவள் நீ என்று தெரியாதவர்கள் யார்? பெரியப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு அரைப்படி கேப்பை மாவைக் கொடுத்தனுப்பினார்.

முதல் சட்டி வெக்கையில் அழுகிப்போயிற்று. இரண்டாவதுக்கு நீ என்ன செய்தாய் என்று எனக்குச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நீ விறகு பொறுக்கப் போன நேரம் நான் கொல்லைப்பக்கம் போனேன். உடைமரத்து நிழலில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. கையால் விலக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு பானை. வாயைத் துணியால் கட்டி, களிமண் பூசிப் புதைத்திருந்தது. காதை வைத்தால் உள்ளே குமிழி வெடிக்கிற சத்தம். புளித்த வாடை. நீ சாராயத்துக்கு ஊறல் போடுவதைப் பற்றிக் கொட்டடியில் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது.

இங்கேதான் மதினி, நான் எழுத வந்த இடம்.

விளக்கு வைக்கும் நேரம் வரை பொறுத்திருக்கலாம். ஊது என்று சொல்லி மோந்து பார்த்திருக்கலாம். அதற்குத்தானே அந்தப் பழக்கம்? எனக்குப் பொறுக்கவில்லை. வீடு போய்விடும், தறி போய்விடும், மறுபடியும் அபின் கடை வாசல்தான் என்று பயந்தேன். நானே முதலில் போய்ச் சொல்லிவிட்டால் என்னை மட்டுமாவது தெருவில் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். ஓட்டமாக ஓடிப் பெரியப்பாவிடம், "அவ ஊறல் போட்டுருக்கா" என்றேன்.

என் கெட்ட நேரம், துண்டு வாங்க வந்த போலீஸ் ஏட்டையா அங்கே உட்கார்ந்திருந்தார். மதுவிலக்கு எங்கள் பக்கம் அப்போதுதான் வந்திருந்தது, அவருக்கோ ஒரு கேசும் கிடைத்திருக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். தெருவே அவர் பின்னால் வந்தது.

நீ தலையில் விறகோடு கொல்லைக்குள் வந்தபோது ஏட்டையா மண்டிபோட்டு மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன். நீ ஒருமுறை எல்லோரையும் பார்த்தாய். விறகை மெதுவாக இறக்கி வைத்தாய்.

"என்னய்யா, பொதையலு எடுக்கீகளா?"

"வாயை மூடு. தகவல் வந்துருக்கு. இது என்ன?"

"பாவுக் கஞ்சி."

"கஞ்சிய எவளாச்சும் மண்ணுல பொதைப்பாளா? வாயில மண்ணப் பூசுவாளா?"

நீ தலையில் அடித்துக்கொண்டாய். "அய்யோ அய்யா, கைக்கு அப்படித்தான் பழக்கம்! வெக்கையில கெட்டுப்போகுது, மண்ணுக்குள்ள குளுமையா இருக்கும்னு பொதைச்சேன். பொதைச்ச கை மண்ணையும் பூசிருச்சு. பதினஞ்சு வருசத்துக் கை, நான் என்ன செய்ய?"

யாரும் நம்பவில்லை. நானே நம்பவில்லை. ஏட்டையா துணியை அறுத்தார். குபீரென்று கிளம்பிய வாடையில் பொம்பளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "ஊறலேதான்!" என்று கத்தினார்.

"ஏட்டையா, ஒரு கை அள்ளிக் குடிங்க. போதை ஏறுச்சுன்னா நீங்க கூப்பிடவே வேண்டாம், நானே நடந்து டேசனுக்கு வாரேன்."

இத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்குக் கௌரவம் விடவில்லை. ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். அந்த முகம் போன போக்கை இன்னும் என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. மூன்று நாள் புளித்த கேப்பைக் கஞ்சி, உப்புமில்லை ஒன்றுமில்லை! துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவித்து விழுங்கினார்.  அவர் நாக்கைச் சப்பிப் பார்த்து, "கஞ்சிதான்" என்றார்.

முதலில் சிரித்தது பெரியப்பா. நாங்கள் பிறந்ததிலிருந்து அவர் சிரித்துப் பார்த்ததில்லை. ஏனென்றால் கஞ்சி ஏட்டையா மீசையில் ஏறி, அடித்த வெயிலில் அப்படியே காய்ந்து, ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் விறைத்து நின்றுவிட்டது. அவர் நீவ நீவ அது இன்னும் விறைத்தது. பெரியப்பா பானைக்குள் விரலை விட்டு, கட்டைவிரலால் தேய்த்து இழுத்துப் பார்த்தார். நூலாக நீண்டது.

"ஏட்டையா மீசையே நிக்குதுன்னா என் பாவு நிக்காதா? ஏத்தா, நாளைக்குக் காலையில இந்தக் கஞ்சியக் கொண்டுட்டு வா. ரெண்டு பேரும் வாங்க."

கொல்லை முழுக்கச் சிரிப்பு. ஏட்டையாவே கடைசியில் சிரித்துவிட்டு, மீசையைத் துண்டால் மூடிக்கொண்டு போனார். நீ மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்து அந்தப் பானையைக் கட்டிக்கொண்டு அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அன்று விளக்கு வைத்ததும் நான் உன் பக்கம் வரவில்லை. நீயே வந்து என் எதிரே உட்கார்ந்து ஊதினாய். "மோந்து பாரு."

"வேண்டாம் மதினி. இன்னைக்கு வேண்டாம்."

"ஏன், நம்புனா மோந்து பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? பாரு."

பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "இப்ப கண்ணைக் காட்டு" என்று விளக்கைத் தூக்கினாய். எனக்கு உன்னைப் பார்க்க முடியவில்லை. "என்னடி, கண்ணு சரியில்லையே?" என்று கேட்டாய். "மண்ணு விழுந்துருச்சு" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சரி, கழுவிக்க" என்றாய். முந்தானையை நனைத்துக் கொடுத்தாய்.

மறுநாள் விடியலில் தெரு நீளத்துக்குப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. நீ கஞ்சியில் நல்லெண்ணெய் விட்டுக் கலக்கிக்கொடுக்க, ஆளுக்கொரு புருசாக ஓடினோம். ஓர் இழை அறவில்லை. இரண்டாம் தடவை ஓடும்போது நீ எங்கள் பாஷையில், "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று அடி வைத்து எண்ணிக்கொண்டே ஓடினாய். மூன்றுக்கு மேல் உனக்குத் தெரியாது, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாய். பெண்கள் சிரித்துச் சிரித்துப் புருசைக் கீழே போட்டார்கள். வெயில் ஏறிப் பாவு காய்ந்தபோது, தெருவில் ஒருத்தி சொம்பில் மோர் கொண்டுவந்து முதலில் உன் கையில் கொடுத்தாள். அடுத்த வாரம் நம் பாவுக்கு எட்டுக் கை இல்லை, பதினெட்டுக் கை வந்தது. ஆடி வந்து போனதை நாம் இருவருமே மறந்துவிட்டோம், பெரியப்பாவும் நினைவுபடுத்தவில்லை.

அப்புறம் எத்தனை பேர் அந்தக் கொட்டடியிலிருந்து நம் வீட்டுக்கு வந்தார்கள்! புளியமரத்தடியில் நிற்கிறவளை நீயே போய்க் கூட்டி வருவாய். "இங்க சோறு உண்டு, வேலை உண்டு, சாயங்காலம் ஊதணும்" என்று மூன்றே சட்டம் சொல்வாய். சிலர் ஓடிப்போனார்கள். சிலர் மூன்று தரம் ஓடிப்போய் நாலாம் தரம் வந்தார்கள். "நாலாவது பணியாரத்துலதான அழுதே நீ?" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைத் திறப்பாய். சில சாயங்காலங்களில் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்து ஒருத்தி மூஞ்சியில் ஒருத்தி ஊதிக்கொண்டிருப்போம். வெளியே இருந்து பார்த்தவன் பைத்தியக்கார வீடு என்றுதான் நினைத்திருப்பான்.

போன மாசியில் உனக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. விளக்கு வைத்தேன். ஊத முடியாமல் ஊதினாய். உதட்டிலிருந்து காற்று வந்ததா என்றே தெரியவில்லை. "கண்ணைக் காட்டு" என்றாய். குனிந்தேன்.

"அன்னைக்குப் பெரியவர்ட்டப் போயிச் சொன்னது நீதான்னு எனக்கு அன்னைக்குச் சாயங்காலமே தெரியும்."

நான் முகத்தைத் திருப்பப் பார்த்தேன்.

"மண்ணு விழுந்த கண்ணு எது, மொகம் பாக்க முடியாத கண்ணு எதுன்னு எனக்குத் தெரியாதா? உன் முழியப் பாக்குறதுதான என் வேலை." இரண்டு மூச்சு வாங்கினாய். "அப்பவே சொல்லிருந்தா நீ கூசிப்போயி நேரா அபினு கடைக்குப் போயிருப்பே. அதான் சொல்லல. இப்பக் கடையெல்லாம் மூடிட்டாக. இப்பச் சொல்லலாம்ல?"

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு சிரித்தாய். நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். மறுநாள் விடியும்போது நீ இல்லை.

இதோ என் பதில். ஆமாம் மதினி, நான்தான் சொன்னேன். உன்னை விற்று என் வீட்டைக் காப்பாற்றப் பார்த்தேன். நீ அதைத் தெரிந்துகொண்டே நாற்பது வருஷம் என் கூழைக் குடித்து, உப்பு இல்லை என்று மட்டும்தான் குறை சொன்னாய். என்னை மன்னித்துவிடு என்று எழுதமாட்டேன், அதை நீ அன்று சாயங்காலமே முந்தானையை நனைத்துக் கொடுத்து முடித்துவிட்டாய். உனக்கு நான் சொல்ல விட்டுப்போனது உண்மை ஒன்றுதான். அதை இப்போது சொல்லிவிட்டேன். எனக்கு நெஞ்சு லேசாக இருக்கிறது. சிரிப்பாகக்கூட வருகிறது, ஏட்டையா மீசை ஞாபகம் வந்துவிட்டது.

இப்போது நம் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். போன மாதம்தான் வெளியே வந்தவள், பந்தல்குடிப் பக்கம். இரண்டு தரம் ஓடிப்போய்த் திரும்பி வந்திருக்கிறாள். சற்று முன்னால் விளக்கு வைத்தோம். அவள் ஊதினாள், சுத்தமாக இருந்தது. பிறகு என் முறை. விளக்கைத் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்த்தவள், "என்னம்மா, கண்ணு செவந்து கெடக்கு?" என்று கேட்டாள்.

மண்ணு விழுந்துருச்சு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது மதினி. அதை விழுங்கிவிட்டு, அவள் முகத்தை நேராகப் பார்த்து, "எங்க மதினிய நெனச்சு அழுதேன்த்தா" என்று உள்ளதைச் சொன்னேன்.